அது பர்ப்பிள் சாக்ஸிஃப்ரேஜ்தான்

வணக்கம். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் சரளைக்கல் நடுவே தரையோடு தரையாகப் பூத்திருந்த இளஞ்சிவப்புப் பூ மாஸ் கேம்பியனா, பர்ப்பிள் சாக்ஸிஃப்ரேஜா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் அங்கே உண்டு, இரண்டுக்கும் ஐந்து இதழ். நிறத்தை வைத்து முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம்.

பூவை விடுங்கள், இலையைப் பாருங்கள். உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினேன். அரிசியைவிடச் சின்ன இலைகள், எதிரெதிர் ஜோடிகளாக, நான்கு வரிசையில் நெருக்கிக் கட்டியதுபோல் இருக்கின்றன. நுனியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதே, அது தூசியல்ல. இலைநுனியில் உள்ள நுண்துளை வழியே கசியும் நீர் காய்ந்து படிந்த சுண்ணாம்பு. அது சாக்ஸிஃப்ரேஜுக்கே உரிய அடையாளம். மாஸ் கேம்பியனின் இலை ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும், சுண்ணாம்புப் புள்ளி இருக்காது. செடி பாசி மெத்தைபோல் உருண்டு நிற்கும்.

சந்தேகம் தீராவிட்டால் பூவின் நடுவே பாருங்கள். சாக்ஸிஃப்ரேஜில் கொம்புபோல் இரண்டு சூல்தண்டுகள் (சூலகத்தின் மேல் நீளும் காம்புகள்), கேம்பியனில் பெரும்பாலும் மூன்று. கேம்பியன் பூவின் அடியில் இதழ்களைத் தாங்கும் புல்லிவட்டம் குழாய்போல் இருக்கும்.

பனி விலகியதும் பூத்துவிட்டதே என்று வியந்திருந்தீர்கள். மொட்டை முந்தைய கோடையிலேயே தயார்செய்து வைத்துவிடும் செடி சாக்ஸிஃப்ரேஜ்! சுவிட்சர்லாந்தில் 4,505 மீட்டர் உயரத்திலும் இது பூத்திருக்கிறது.

அடுத்த முறையும் படம் மட்டும் எடுங்கள், பறிக்க வேண்டாம். ஸ்வால்பார்டில் செடிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.