நிறத்துக்குப் பலியான ருசி

கேள்வி: உள்ளூரில் விளைந்த தக்காளிக்குத் தனி ருசி உண்டு என்று சென்ற இதழில் உருகி எழுதியிருந்தீர்கள். எங்கே விளைந்தால் என்ன, அதே சிவப்பு, அதே புளிப்புதானே? இதெல்லாம் வயதானவர்களின் 'அந்தக் காலத்தில்' புலம்பல் இல்லையா?

பதில்: புலம்பல் என்றே வைத்துக்கொள்வோம், ஆனால் சாட்சி புலம்பியவர்கள் பக்கம்தான் இருக்கிறது. 'அதே சிவப்பு' என்கிறீர்களே, கோளாறே அந்தச் சிவப்பில்தான் தொடங்கியது. பழைய வகைகள் பலவற்றில் காய் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கும். பழுத்த பிறகும் அந்த இடம் சில வேளை முழுதாகச் சிவக்காமல் நின்றுவிடும். பார்வைக்கு இது குறையாகப் பட்டதால், காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் செடிகளைப் புதிய ரகங்களை உருவாக்குவோர் சுமார் 70 ஆண்டுகள் தேடித் தேடிப் பெருக்கினார்கள். அந்தக் கரும்பச்சைக்குக் காரணமான மரபணு எதுவென்று 2012-இல்தான் தெரிந்தது. காயிலேயே பச்சையத்தைச் செறிவாக்கி, வெயிலைக் கொண்டு அங்கேயே சிறிது சர்க்கரை சேர வைப்பது அதன் வேலை. சீரான சிவப்புக்காகத் தேர்ந்தெடுத்த செடிகளிலோ அது செயலிழந்திருந்தது. அழகைப் பார்த்து இனிப்பைக் கைவிட்டோம்.

இனிப்பும் புளிப்பும் நாக்கோடு நின்றுவிடும். இது தக்காளி என்று சொல்வது மூக்குதான். தக்காளியில் 400-க்கு மேற்பட்ட மணப்பொருள்கள் அடையாளம் காணப்பட்டிருந்தாலும், நாம் உணரும் சுவையை உண்டாக்குபவை இருபது, முப்பதுதான். 398 வகைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, அப்படிப்பட்ட மணப்பொருள்களில் 13, பழைய வகைகளைவிட இன்றைய வணிக வகைகளில் குறைந்துவிட்டதாகக் காட்டியது. செடியிலேயே பழுத்த ஒன்றைக் கத்தியால் பிளந்து பாருங்கள். திசுக்கள் கிழிபட்ட அந்தக் கணத்தில்தான் உருவாகி, அறுத்த புல்லை நினைவூட்டும் ஒரு பசுமணம் எழும். விதைகளைச் சூழ்ந்த கூழ் பலகையில் வழிந்தோடும். புளிப்பும் நாவூற வைக்கும் சாரமும் சதையைவிட அந்தக் கூழில்தான் அதிகம் என்பதால், அதை வழித்து எறிகிறவர்கள் ருசியைத்தான் எறிகிறார்கள். (கடையில் காம்பை முகர்ந்து பார்த்து 'நல்ல பழம்' என்று முடிவு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வாசனை செடியின் மென்மயிர்களிலிருந்து வருவது; பழத்துக்கு நற்சான்று ஆகாது.)

தொலைவு செல்ல வேண்டிய தக்காளியைப் பெரும்பாலும் பச்சையாகவே பறித்து, எத்திலீன் வாயு கொடுத்துப் பழுக்க வைக்கிறார்கள். நிறம் வந்துவிடும், ஆனால் காம்பு அறுந்த நாளிலேயே செடியிலிருந்து வரும் சர்க்கரை நின்றுபோயிருக்கும். அதற்காக உள்ளூர் மண்ணில் ஏதோ மந்திரம் இருப்பதாக நான் சொல்லவில்லை. அருகில் விளைவதன் ஆதாயம் அவகாசம் ஒன்றுதான்: நாளை விற்கப்போகும் பழத்தை இன்று வரை செடியில் விட்டுவைக்கலாம், பயணத்தைத் தாங்காத மெல்லிய தோல் கொண்ட வகைகளையும் துணிந்து பயிரிடலாம். நிறம் மாறத் தொடங்கிய செங்காயாகப் பறித்தால்கூடப் பெரிய நட்டமில்லை. ஆனால் பக்கத்துத் தோட்டக்காரரே அதே தடித்தோல் வகையை நட்டு, கல்போன்ற காயாகப் பறித்துக் கொடுத்தால் மிச்சமாவது வண்டி வாடகை மட்டும்தான்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வாங்கிய தக்காளியை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்? குளிர்சாதனப் பெட்டியில் என்றால், வழக்கில் நீங்களும் ஒரு பிரதிவாதி. பழுத்த தக்காளியை 5 பாகை செல்சியஸில் ஏழு நாள் வைத்தால், மணப்பொருள்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போகின்றன என்றும், வெளியே எடுத்து ஒரு நாள் வைத்த பிறகும் மணம் முழுமையாகத் திரும்புவதில்லை என்றும் 2016-இல் கண்டறிந்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன, மணம்தான் போகிறது. 'அதே புளிப்புதானே' என்று நீங்கள் எழுதியது இதனால்தானோ என்னவோ.

செடியில் பழுத்த ஒன்றையும் தொலைவிலிருந்து வந்த ஒன்றையும் அறை வெப்பத்தில் வைத்து, உப்புகூடத் தொடாமல் அடுத்தடுத்துத் தின்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அப்போதும் தோன்றினால், அந்தக் கடிதத்தையும் ஒரு வரிகூட வெட்டாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.