நிறுவனத்தின் நிலையைக் கணிப்பது, வியூகம் சொல்வது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டங்களில் எங்கள் குழு தயாரித்த ஸ்வாட் அட்டவணையில் 38 வரிகள் வந்துவிட்டன. எல்லாமே முக்கியமாகத் தெரிகின்றன. எதை வெட்டுவது?

வெட்டுவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நாளைக்கே நம் நிறுவனம் இல்லாமல் போனாலும் இது இருக்குமா? இருக்கும் என்றால் அது வெளிக்காரணி, அதாவது வாய்ப்பு அல்லது அச்சுறுத்தல். இருக்காது என்றால் உள்காரணி, அதாவது பலம் அல்லது பலவீனம். இந்த ஒரு சோதனையிலேயே பல வரிகள் கட்டம் மாறிவிடும்.

"புதிய சந்தையில் நுழையலாம்" என்று வாய்ப்புக் கட்டத்தில் எழுதியிருப்பீர்கள். அது நீங்கள் செய்ய நினைக்கும் காரியம், வியூகம். அந்தச் சந்தையில் தேவை வளர்கிறது, இருக்கும் உற்பத்தியாளர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதுதான் வாய்ப்பு. முடிவைக் கொண்டுபோய் ஆதாரத்தின் இடத்தில் உட்கார வைத்தால் ஆய்வு எதற்கு?

அடுத்தது பலம். யாரைவிட பலம்? "தரமான பொருள்", "அனுபவமுள்ள ஊழியர்கள்" என்று போட்டியாளரும் தன் அட்டவணையில் எழுதித்தான் வைத்திருப்பார். "பழுதாகித் திரும்பி வருவது நமக்கு 100க்கு 1, முதன்மைப் போட்டியாளருக்கு 100க்கு 3" என்று ஒப்பிட்டு எழுத முடிந்தால் அந்த வரி நிற்கட்டும். எண் கிடைக்காத வரிகளைத் தூக்கிப் போடாமல் தனித் தாளில் வையுங்கள். அவை சரிபார்க்க வேண்டியவை.

கட்டத்துக்கு 5 அல்லது 6 வரிகள் மிஞ்சினால் போதும். அதன்பிறகு செய்ய வேண்டிய வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வரிகளை ஜோடி சேர்க்க வேண்டும். ஹைன்ஸ் வைரிக் 1982இல் முன்வைத்த டவ்ஸ் அணி (அணி என்றால் கட்டங்களாகப் பிரித்த அட்டவணை) இதற்காகவே வந்தது. பலத்தோடு வாய்ப்பு, பலவீனத்தோடு வாய்ப்பு, பலத்தோடு அச்சுறுத்தல், பலவீனத்தோடு அச்சுறுத்தல் என நான்கு ஜோடிகள். ஒவ்வொரு வியூகத்தின் பக்கத்திலும் அது எந்தெந்த வரிகளிலிருந்து பிறந்தது என்று எண் போடுங்கள். எந்த வரியிலிருந்தும் பிறக்காத வியூகம் யாரோ ஒருவருடைய ஆசை.

நான்காவது ஜோடியைக் கூச்சப்பட்டுக் காலியாக விடாதீர்கள். விற்பனையில் 60 சதவீதம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது என்பது பலவீனம். அந்த வாடிக்கையாளர் அதே பொருளைச் சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்குகிறார் என்பது அச்சுறுத்தல். இரண்டும் தனித்தனியே சாதாரண வரிகள். சேர்ந்தால் நிறுவனமே கவிழும்.

கேள்வி: வெளிக்காரணிகளை மதிப்பிடும் இஎஃப்இ அணியில் எங்களுக்கு 2.9 வந்தது. சராசரி 2.5. நல்ல நிலையில் இருக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடைகளையும் மதிப்பெண்களையும் எப்படிப் போட்டீர்கள் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. எடை என்பது அந்தக் காரணி இந்தத் தொழில்துறைக்கே எவ்வளவு முக்கியம் என்பது. எல்லா எடைகளின் கூட்டுத்தொகை 1.0 ஆக வேண்டும். 1 முதல் 4 வரையான மதிப்பெண், அந்தக் காரணியை நம் நிறுவனம் எவ்வளவு நன்றாக எதிர்கொள்கிறது என்பது. பலர் இரண்டையும் குழப்பி, அச்சுறுத்தல் பெரிதாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறார்கள். பெரிய அச்சுறுத்தலுக்கு எடை அதிகமாக இருக்கலாம். அதை நாம் நன்றாகச் சமாளித்தால் மதிப்பெண் 4 கூட வரலாம்.

உதாரணமாக, மூலப்பொருள் விலை ஏற்ற இறக்கத்துக்கு எடை 0.15. நீண்ட கால ஒப்பந்தம் எதுவும் போடவில்லை, எனவே மதிப்பெண் 2. பெருக்கினால் 0.30. ஒப்பந்தம் போட்டு மதிப்பெண்ணை 4 ஆக்கினால் 0.60. மொத்தத்தை இவ்வளவு உயர்த்தக்கூடிய வரிகள் எவை என்று தேடுவதுதான் இந்த அணியின் பயன். 2.9, 2.8 என்ற வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. உள்ளே போன எண்கள் எல்லாம் மனிதர்களின் கணிப்பு.

உள்காரணிகளுக்கான ஐஎஃப்இ அணியில் விதி வேறு. அங்கே பெரிய பலவீனத்துக்கு 1, சிறிய பலவீனத்துக்கு 2, சிறிய பலத்துக்கு 3, பெரிய பலத்துக்கு 4. பலவீனம் என்று எழுதிவிட்டு 3 போட்டிருந்தால் அந்த வரியைத் திருத்துங்கள்.

கேள்வி: ஒரு தொழில்துறையின் லாபத்தை அழுத்தும் போர்ட்டரின் ஐந்து விசைகளுக்கும் (உள்ளே இருக்கும் போட்டி, புதிதாக நுழைபவர்கள், மாற்றுப் பொருள்கள், வாங்குபவர், சப்ளையர்) "அதிகம், நடுத்தரம், குறைவு" என்று எழுதி முடித்தோம். அரசாங்கத்தை ஆறாவது விசையாகச் சேர்த்தோம். அடுத்து என்ன?

அரசாங்கத்தை எடுத்துவிடுங்கள். மைக்கேல் போர்ட்டர் 1979இல் வெளியிட்ட இந்தச் சட்டகத்தில், அரசு மற்ற ஐந்தின் வழியாகத்தான் வேலை செய்கிறது. உரிமம் கட்டாயமானால் புதிதாக நுழைபவர்கள் குறைவார்கள். மாற்றுப் பொருளுக்கு மானியம் கொடுத்தால் அதன் அழுத்தம் கூடும். இப்படி உரிய விசைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

"அதிகம்" என்பதும் போதாது. அந்த விசை லாபநஷ்டக் கணக்கில் எந்த வரியைக் கடிக்கிறது என்று எழுதுங்கள். வாங்குபவரின் பேர பலம் விற்பனை விலையைக் கடிக்கும், வரவேண்டிய பாக்கியின் நாள்களையும் நீட்டும். சப்ளையரின் பலம் மூலப்பொருள் செலவை ஏற்றும். உள்ளே இருக்கும் போட்டி விளம்பரச் செலவிலும் தள்ளுபடியிலும் தெரியும். மூன்று ஆண்டுக் கணக்கை எடுத்து எந்த வரி சதவீதத்தில் மோசமாகி வருகிறது என்று பார்த்தால், எந்த விசை உண்மையில் இறுக்குகிறது என்று புரியும்.

போட்டியின் செறிவையும் எண்ணாக்கலாம். ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். 40, 30, 20, 10 என்று நான்கு பேர் இருந்தால் 1600 + 900 + 400 + 100 = 3000. இதுதான் ஹெர்ஃபிண்டால் குறியீடு. அமெரிக்காவின் 2023ஆம் ஆண்டு நிறுவன இணைப்பு வழிகாட்டுதல்கள் 1800க்கு மேல் போனால் செறிவு மிகுந்த சந்தை என்கின்றன.

இதற்கெல்லாம் முன்னால் தொழில்துறையின் எல்லையை ஒரு வாக்கியத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்: எந்தப் பொருள், எந்தப் பகுதி, எந்த வகை வாடிக்கையாளர். எல்லை மாறினால் ஐந்து பதில்களும் மாறும். ஒரே அறிக்கையில் பக்கத்துக்குப் பக்கம் எல்லை நகர்வதுதான் இந்த ஆய்வில் அடிக்கடி காணும் பிழை.

கேள்வி: சந்தை வளர்ச்சியையும் சந்தைப் பங்கையும் வைத்துப் பொருள்களைப் பிரிக்கும் பிசிஜி அணியில் எங்கள் ஒரு பொருள், இரண்டுமே குறைவான "நாய்" கட்டத்தில் விழுகிறது. நஷ்டமும் காட்டுகிறது. நிறுத்திவிடலாமா?

முதலில் அது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கிடை அச்சில் வர வேண்டியது ஒப்பீட்டுச் சந்தைப் பங்கு: நம் பங்கை, நம்மை விட்டு மற்றவர்களில் பெரியவருடைய பங்கால் வகுக்க வேண்டும். நமக்கு 12 சதவீதம், அவருக்கு 30 சதவீதம் என்றால் 0.4. நாமே 30, அடுத்தவர் 20 என்றால் 1.5. வெறும் சந்தைப் பங்கைப் போட்டு வரைந்த படங்கள்தான் அதிகம்.

பிறகு நஷ்டத்தைத் திறந்து பாருங்கள். விற்பனை 100, மாறும் செலவு 70, பொதுச் செலவில் இந்தப் பொருளின் தலையில் ஏற்றியது 40. கணக்கில் நஷ்டம் 10. ஆனால் அந்த 40இல், பொருளை நிறுத்தினால் உண்மையிலேயே மிச்சமாவது 12 மட்டும் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தினால் 30 பங்களிப்பு (விற்பனையில் மாறும் செலவு போக மீதி) போகும், 12 மிச்சமாகும். நிறுவனம் 18 அளவுக்கு மேலும் மோசமாகும். மீதி 28 பொதுச் செலவு மற்ற பொருள்களின் மேல் விழுந்து, அடுத்த ஆண்டு இன்னொரு நல்ல பொருள் நஷ்டமாகத் தோன்றும். அதையும் நிறுத்துவார்கள். இப்படியே சுருங்கிப்போன நிறுவனங்கள் உண்டு.

அந்த இயந்திரத்தையும் ஆட்களையும் வேறு பொருளுக்குத் திருப்பி 30க்கு மேல் பங்களிப்பு எடுக்க முடியுமானால் கதை வேறு. அப்போது தாராளமாக நிறுத்துங்கள்.

கேள்வி: இரண்டு நிறுவனங்களுக்கும் பங்கு மூலதனத்தின் மீதான வருவாய் 18 சதவீதம். நிதி நிலையில் இரண்டும் சமம்தானே?

இல்லை. அந்த எண்ணை மூன்றாகப் பிரியுங்கள். நிகர லாப விகிதம், சொத்துச் சுழற்சி, மூலதனத்தைப் போல எத்தனை மடங்கு சொத்து என்பது ஆகிய மூன்றின் பெருக்கல்தான் அது. டூபாண்ட் நிறுவனத்தில் தொடங்கியதால் டூபாண்ட் பகுப்பு என்று பெயர். முதல் நிறுவனம்: 12 சதவீதம் × 1 × 1.5. இரண்டாவது: 3 சதவீதம் × 2 × 3. இரண்டும் 18தான்.

இப்போது லாப விகிதம் இரண்டிலும் ஒரே ஒரு சதவீதப் புள்ளி குறையட்டும். முதல் நிறுவனம் 16.5க்கு வரும். இரண்டாவது 12க்கு விழும். முதல் நிறுவனத்துக்கு விலைப்போர் ஒரு தலைவலி. இரண்டாவதன் கழுத்தை அது நெரிக்கும், ஏனென்றால் அங்கே கடனும் அதிகம். அந்த நிறுவனத்துக்கு விலைக் குறைப்பு வியூகத்தைப் பரிந்துரைப்பது பெரிய தவறு. மாணவர் அறிக்கைகளில் நிதி விகிதங்கள் கடைசிப் பக்கத்தில் தனியாகக் கிடக்கின்றன. அவை வியூகத்தோடு பேச வேண்டும்.

கேள்வி: "கோடாக் டிஜிட்டலைக் கவனிக்காததால் வீழ்ந்தது" என்று நிறுவன ஆய்வில் எழுதினேன். மதிப்பெண் குறைந்துவிட்டது. என்ன பிழை?

அந்த வாக்கியம் உண்மைக்கு ஒத்துவரவில்லை. டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியை 1975இல் உருவாக்கியவர் கோடாக் பொறியாளர் ஸ்டீவ் சாஸன். 2005இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் கோடாக் முன்னணியில் இருந்தது. பார்வை இருந்தது. லாபம் வந்த இடம்தான் சிக்கல். ஃபிலிமும், அதைக் கழுவிப் படமாக்குவதும் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து திரும்பத் திரும்ப உயர்ந்த லாபம் கொடுத்தன. டிஜிட்டல் கேமராவை ஒருமுறை விற்றால் முடிந்தது, அதிலும் லாபம் மெலிது. பிறகு செல்பேசி அந்தக் கேமராவையும் விழுங்கியது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கோரியது.

"பன்முகப்படுத்தியிருந்தால் பிழைத்திருக்கும்" என்று மாற்றி எழுதினாலும் பாதி விடைதான். கோடாக் 1988இல் ஸ்டெர்லிங் டிரக் என்ற மருந்து நிறுவனத்தை வாங்கி, 1994இல் விற்று வெளியேறியது. ஃப்யூஜிஃபிலிம் நிறுவனமும் வேறு துறைகளுக்குப் போனது. ஆனால் ஃபிலிம் தயாரிப்பில் கற்ற வேதியியலையும் மெல்லிய படலம் பூசும் திறமையையும் கையோடு கொண்டுபோனது. எல்சிடி திரைக்கான படலங்கள் அப்படி வந்தவை. ஃபிலிமில் கொலாஜனையும் நிறம் மங்காமல் காக்கும் பொருள்களையும் கையாண்ட அறிவு, 2007இல் அஸ்டாலிஃப்ட் என்ற சருமப் பராமரிப்பு வரிசையானது.

பொருள் பழையதா புதியதா, சந்தை பழையதா புதியதா என்று வளர்ச்சி வழிகளைப் பிரித்து இகோர் ஆன்சாஃப் 1957இல் வரைந்த அணியில் இரண்டு நிறுவனங்களும் ஒரே கட்டத்தில் விழுகின்றன: புதிய பொருள், புதிய சந்தை. எந்தக் கட்டம் என்று குறித்ததோடு நிறுத்தாமல், எந்தத் திறமை நம்மோடு புதிய இடத்துக்கு வருகிறது என்று எழுதுங்கள். மதிப்பெண் அங்கே இருக்கிறது.

கேள்வி: குறைந்த செலவும் தனித்தன்மையும் ஒரே நேரத்தில் முடியாதா?

ஒரே செயல் இரண்டையும் தந்தால் முடியும். ஐகியா தட்டையான பெட்டியில் பிரித்து விற்பதால் போக்குவரத்துச் செலவும் குறைகிறது, வாங்கியவர் அன்றே எடுத்துப் போகவும் முடிகிறது. இரண்டுக்கும் தனித்தனிச் செயல்கள் வேண்டியிருந்தால் இரண்டு செலவுகளும் சேர்ந்து நிறுவனம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: மூன்று மாற்று வியூகங்கள் கையில் உள்ளன. நிர்வாகம் ஒன்றைத்தான் ஏற்கும். மாற்று வியூகங்களை மதிப்பெண் போட்டு ஒப்பிடும் கியூஎஸ்பிஎம் அணியைப் போட்டால் நாங்கள் விரும்பியதே முதலில் வருகிறது. நம்பலாமா?

நீங்கள் நெடுக்கையாக நிரப்பியிருப்பீர்கள் என்று சந்தேகிக்கிறேன். பிடித்த வியூகத்தின் பத்தியை மேலிருந்து கீழே நிரப்பினால் கை தானாக 4 போடும். வரி வரியாக நிரப்புங்கள். இஎஃப்இ, ஐஎஃப்இ அணிகளிலிருந்து ஒரு காரணியை அதன் எடையோடு எடுத்து, மூன்று வியூகங்களையும் அதற்கு எதிரே ஒப்பிட்டு 1 முதல் 4 வரை போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். எடை 0.12 என்றால், 4 பெற்ற வியூகத்துக்கு 0.48, 2 பெற்றதற்கு 0.24. மூன்றில் எதைத் தேர்ந்தாலும் மாறாத காரணி என்றால் அந்த வரி முழுவதையும் காலியாக விடுங்கள்.

குழுவில் ஒவ்வொருவரும் தனியாக நிரப்பட்டும். இருவருக்கிடையே 2 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் உள்ள வரிகளை மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு பெரிய எடைகளை 0.05 கூட்டியும் குறைத்தும், மொத்தம் 1.0 ஆகும்படி மற்றவற்றைச் சரிசெய்து மீண்டும் கணக்கிடுங்கள். முதலிடம் மாறாமல் நின்றால் நம்பலாம். மாறினால், எந்தக் காரணி மாற்றியதோ அதற்கு இன்னும் தகவல் திரட்டுங்கள். "இப்போது போலவே தொடர்வது" என்பதையும் நான்காவது பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். சில சமயம் அதுவே வெல்லும்.

கேள்வி: 40 பக்க அறிக்கை கொடுத்தோம். "சரி, என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்று இயக்குநர் குழு கேட்டது. எங்கே தவறினோம்?

பரிந்துரை வாக்கியத்தில். "இணைய விற்பனையை வலுப்படுத்த வேண்டும்" என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள், யாரும் செய்யவும் மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "9 மாதங்களில் நேரடி இணைய விற்பனையை மொத்தத்தில் 4 சதவீதத்திலிருந்து 12 சதவீதத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பொறுப்பு விற்பனைத் தலைவருக்கு. பணத்துக்காக, பலன் குறைந்த 2 கிளைகளை மூட வேண்டும். 6ஆம் மாத முடிவில் 7 சதவீதத்தைத் தொடாவிட்டால் நிறுத்த வேண்டும்."

எதை விடுகிறோம், எப்போது நிறுத்துவோம் என்ற இரண்டும் இல்லாத பரிந்துரையை நான் ஏற்பதில்லை. பணமும் ஆட்களின் நேரமும் எங்கிருந்தோ வர வேண்டும். அந்த இடத்தை நீங்கள் காட்டாவிட்டால், எல்லாத் துறையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ப்பார்கள். பரிந்துரைகள் மூன்றைத் தாண்ட வேண்டாம். அவை முதல் பக்கத்தில் இருக்கட்டும், ஆய்வு பின்னால் வரட்டும்.

கேள்வி: இந்த ஆய்வை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்வது?

முழு ஆய்வு ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஆனால் வியூகம் எந்த 5 அல்லது 6 ஊகங்களின் மேல் நிற்கிறது என்று தனித் தாளில் எழுதி, காலாண்டுதோறும் அவற்றை மட்டும் சரிபாருங்கள். பெரிய வாடிக்கையாளர் விலகினால், போட்டியாளர்கள் இருவர் இணைந்தால், விதிமுறை மாறினால், காலாண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.