வெளிநாட்டு நன்கொடையும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் இருக்கை அமைக்க நானும் உறவினர்களும் இங்கிருந்து பணம் அனுப்ப விரும்புகிறோம். எங்கள் குடியுரிமை, பணம் வந்த வழி என எல்லாவற்றையும் கேட்கிறார்கள். நல்ல காரியத்துக்கு ஏன் இத்தனை விசாரணை?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அவற்றைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய சட்டக் கடமை அவர்களுக்கு இருக்கிறது. அமெரிக்காவின் 1965-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டத்தில் 1986-இல் சேர்க்கப்பட்ட 117-ஆம் பிரிவின்படி, ஒரே வெளிநாட்டுத் தரப்பிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தமாக 2,50,000 டாலரோ அதற்கு மேலோ நன்கொடையாகவோ ஒப்பந்தத்தின் வழியாகவோ பெறும் பல்கலைக்கழகம், ஜனவரி 31, ஜூலை 31 ஆகிய தேதிகளில் எது முதலில் வருகிறதோ அதற்குள் கல்வித் துறைக்கு அறிக்கை தர வேண்டும். நன்கொடையை இந்தப் பிரிவு தடுக்கவில்லை. வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. பல காலம் ஏட்டளவில் கிடந்த இந்த விதி 2019-இல்தான் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை அறிவிக்கப்படாமல் இருந்த 650 கோடி டாலர் தன் விசாரணைகளால் வெளிவந்ததாகக் கல்வித் துறை 2020-இல் தெரிவித்தது.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் அங்கேயே பல்லாண்டுகள் வாழ்ந்து கிரீன் கார்டு வைத்திருந்தாலும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடையாகவே கொள்ளப்படும். இங்குள்ள ஒரு கம்பெனியின் பணத்தை அமெரிக்கக் குடிமகனான உறவினர் அதன் சார்பில் கட்டினாலும் அப்படித்தான். ஆகவே அடுத்தவர் பணத்தை உங்கள் பெயரில் அனுப்பாதீர்கள். இருக்கை என்பது புதிய பேராசிரியர் பணியிடம் என்பதால், அதற்கென்றே தரப்படும் பெருந்தொகை நிபந்தனையுள்ள நன்கொடையாகிறது; அதன் நிபந்தனையையும் அறிக்கையில் விவரிக்க வேண்டும். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தமிழக அரசு 2017-இல் அறிவித்த 10 கோடி ரூபாய் இந்த வரம்பைப் பல மடங்கு தாண்டிய தொகை என்பதை நினைத்துப் பார்த்தால், விதி நமக்கு அந்நியமானதன்று என்பது புரியும். நம் பக்கத்திலும் ஒரு வரம்பு உண்டு: ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில் இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம்; நன்கொடையும் அதில் அடங்கும்.

கேள்வி: கூட்டாய்வு செய்யும் அமெரிக்கப் பேராசிரியர், எங்கள் கல்லூரி அவருக்குத் தரும் ஆய்வகவசதி பற்றிக்கூட எழுத்தில் கேட்கிறார். இது தேவையா?
— பேராசிரியர், திருச்சி

பதில்: தேவைதான், தயங்காமல் கொடுங்கள். அமெரிக்க அரசின் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பவர், பணமாக வராத ஆய்வகம், கருவி, ஆள் உதவி ஆகியவற்றையும் சொல்லியாக வேண்டும். ஹார்வர்டு வேதியியலாளர் சார்லஸ் லீபர் சீனாவின் வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் இருந்த தொடர்பை அரசு விசாரணையில் மறைத்துப் பொய் சொன்னதற்காக 2021 டிசம்பரில் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். வெளிநாட்டுடன் சேர்ந்து ஆய்வு செய்தது அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை. சிப் உற்பத்தியையும் அறிவியல் ஆய்வையும் ஊக்குவிக்கும் 2022-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சிப்ஸ் சட்டம் கவலைக்குரிய நாடுகளாகப் பெயர் குறிப்பிடும் சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா ஆகியவற்றில் இந்தியா இல்லை. எனவே யார் எதைத் தருகிறார்கள், எவ்வளவு காலத்துக்கு, கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்பவற்றைப் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டு, அதன் நகலை அவருக்கு அனுப்பிவிடுங்கள்.