நாற்பது வயதில் பொழுதுபோக்காக வெல்டிங் பழக முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

முடியும். ஐடிஐ படிக்காமல் கைவைக்கக் கூடாது என்பவர்கள் பிழைப்புக்கான தொழிலைச் சொல்கிறார்கள். நீங்கள் மொட்டை மாடியில் செடி ஸ்டாண்டு செய்யத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கம்பியை மெஷினே தள்ள, கேஸ் மூடாக்கில் பற்றவைக்கும் மிக் வெல்டிங்தான் சுலபம் என்று யாராவது வருவார்கள். மாடிக் காற்றில் அதன் கேஸ் கலைந்து, பற்று (உருகி ஒட்டும் கோடு) முழுக்கப் பொத்தல் விழும். பூச்சுள்ள ராடைக் கையில் பிடித்து உருக்கும் சாதாரண ராடு வெல்டிங்கே போதும்.

பெட்டியில் 400 ஆம்ப் என்று அச்சடித்து விற்கும் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. கணக்கு எளிது. 100 ஆம்பில் ஆர்க்குக்கு (ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே எரியும் மின்பொறிக்கு) சுமார் 24 வோல்ட், அதாவது 2,400 வாட். மெஷினில் வீணாவதையும் சேர்த்தால் 230 வோல்ட் லைனிலிருந்து 12 ஆம்புக்கு மேல் இழுக்கும். வீட்டு 16 ஆம்ப் பிளக் அதற்கு மேல் அதிகம் தாங்காது. உங்களுக்குத் தேவை 60 முதல் 100 ஆம்ப் வரைதான். எக்ஸ்டென்ஷன் ஒயர் 4 சதுர மில்லிமீட்டர் செம்பாக இருக்கட்டும். சுருட்டி வைத்தபடி ஓட்டினால் சூடேறும்.

பலர் முதல் நாளே 18 கேஜ் சதுர பைப்பை எடுக்கிறார்கள். 1.2 மில்லிமீட்டர்தான் கனம், ஓட்டை விழும், மனம் விட்டுப்போகும். கடையில் இதைவிடக் கனமான 16 கேஜ் என்று கேட்டாலும் இதையே தள்ளிவிடுகிறார்கள். வெர்னியர் அளவுகோல் வைத்துக் கனத்தை அளந்து வாங்குங்கள். பழக 6 மில்லிமீட்டர் கன இரும்புப் பட்டை வாங்கி, துருவைத் தேய்த்து, எர்த் கிளாம்பை (மெஷினின் இன்னொரு ஒயரிலுள்ள கவ்வியை) அந்தப் பட்டையிலேயே மாட்டுங்கள். ராடு 2.5 மில்லிமீட்டர், 6013 வகை; கடையில் 12 நம்பர் என்பார்கள். 80 ஆம்ப் வையுங்கள்.

தீக்குச்சி கிழிப்பதுபோல் உரசிப் பற்றவைத்து, ராடு நுனிக்கும் பட்டைக்கும் நடுவே ராடின் கனம் அளவுக்கே இடைவெளி விடுங்கள். ஹோல்டர் பக்கம் நகரும் திசையில் 15 டிகிரி சாயட்டும். மாற்றிச் சாய்த்தால், ராடின் பூச்சு உருகி வரும் கசடு முன்னால் ஓடி, உள்ளே புதைந்துவிடும். ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் இருக்கும் உருகிய குட்டையைப் பாருங்கள். பற்று புழு போலக் குவிந்து நின்றால் ஆம்ப் குறைவு. ஓரத்தில் பள்ளம் விழுந்து, ராடு பாதியிலேயே சிவந்தால் ஆம்ப் அதிகம். சரியான அளவிலும் ராடு ஒட்டிக்கொண்டே இருந்தால் அது ஈரம் இழுத்த ராடாகவும் இருக்கலாம்.

கூலிங் கிளாஸ் போட்டு வெல்டிங் செய்யும் வீடியோக்களை நம்பாதீர்கள். 10 அல்லது 11 ஷேடு (கண்ணாடியின் கருமை எண்) வெல்டிங் ஹெல்மெட் கட்டாயம். வெறும் கண்ணால் பார்த்தால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், மணல் கொட்டியதுபோல் உறுத்தும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு என்று எந்தக் கைவைத்தியமும் வேண்டாம், கண் டாக்டரிடம் போங்கள். பருத்திச் சட்டை, தோல் கையுறை போடுங்கள். ஜிஐ பைப்பில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில்) அந்தப் பூச்சைச் சுரண்டாமல் பற்றவைத்தால் அந்தப் புகையில் குளிர்க்காய்ச்சல் வரும். பழைய பெட்ரோல் டேங்க், மூடிய டப்பா எதையும் தொடாதீர்கள், வெடிக்கும்.

ஐம்பது ராடாவது நேர்க்கோடு போட்ட பிறகு, இரண்டு துண்டுகளை டி வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் பற்றவையுங்கள். ஆறியதும் பற்று இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து, பற்றின் மேலேயே மடக்குங்கள். உடைந்த இடத்தில், மூலையோரம் கறுப்புக் கோடு தெரிந்தால் வேர்வரை உருகவில்லை. 5 ஆம்ப் கூட்டி, இன்னும் மெதுவாக நகர்ந்து மறுபடி போடுங்கள். அது கோடில்லாமல் வந்த பிறகு பைப்பைத் தொடலாம்.