வாசகர் கேள்வி, எழுத்தாளர் பதில்: தோற்றவர் வீட்டு அழுகை

கேள்வி: கோத்தகிரியில் வாழ்ந்துகொண்டு, சங்கப் பாடல்களிலும் தோய்ந்திருக்கும் தாங்கள், எதைப் பற்றி எழுதத் தொடங்கினாலும் பழைய கிரேக்கத்துக்கே போய்ச் சேர்கிறீர்கள். அங்கே அப்படி என்ன இருக்கிறது?
(ஒரு வாசகி, குன்னூர்)

பதில்: தொட்டபெட்டாவை மேகம் மூடுவதையும் திறப்பதையும் பார்த்து வளர்ந்தவன் நான். கிரேக்கத் தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலையின் வாயிற்கதவே மேகம்தான் என்றும், அதைத் திறக்கவும் மூடவும் பருவங்களின் தேவதைகள் காவல் நிற்கிறார்கள் என்றும் கிரேக்கக் காவியமான ‘இலியட்’டில் படித்தபோது, அதைப் பாடிய ஹோமர் எங்கள் பக்கத்துக்காரர் என்றே தோன்றிவிட்டது. (ஒலிம்பஸின் உயரம் 2,917 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர், சற்றே குள்ளமான உறவு.)

ஆனால் என்னை அங்கேயே இருத்தியவை தெய்வங்கள் அல்ல. எதிரியின் துயரத்துக்கு அந்த மக்கள் கொடுத்த இடம். டிராய் நகரத்தோடு நடந்த போரைக் கிரேக்கர் பாடிய ‘இலியட்’, அந்நகரை வீழ்த்திய மரக்குதிரையோடும் வெற்றியோடும் முடியாமல், எதிரி நாட்டு வீரனான ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிகிறது. அதற்கு முன், ஹெக்டரின் தந்தையும் முதியவருமான டிராய் மன்னர் பிரியாம், மகனின் உடலைக் கேட்டு இரவில் கிரேக்க வீரன் அகிலீஸின் பாசறைக்குச் சென்று, மகனைக் கொன்ற அவனுடைய கைகளையே முத்தமிடுகிறார். அவர் மகனை நினைத்து அழ, அகிலீஸ் ஊரில் இருக்கும் தன் தந்தையையும் மாண்ட நண்பனையும் நினைத்து அழுகிறான். ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்’ என்று பாரி மகளிர் பாடியதை முன்பே படித்திருந்ததால்தான், அந்த இரவு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

இது காவியத்தோடு நின்றுவிடவில்லை. கி.மு. 480இல் பாரசீகர் ஏதென்ஸ் நகரைத் தீக்கிரையாக்கினார்கள். அதே ஆண்டு சலாமிஸ் கடற்போரில் தோற்றார்கள். எட்டே ஆண்டுகளில், பாரசீகரை எதிர்த்து மாரத்தான் களத்தில் போரிட்டவரான ஏதென்ஸ் நாடகாசிரியர் எஸ்கிலஸ் அந்தத் தோல்வியை நாடகமாக்கினார். கதை நடப்பது பாரசீகத் தலைநகரில். கிரேக்கப் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது. பாரசீக மன்னனான மகன் செர்க்சஸின் செய்திக்காகக் கலங்கிக் காத்திருக்கும் தாய்தான் நம் முன் நிற்கிறாள். அதற்கு ஏதென்ஸ் முதல் பரிசும் கொடுத்தது. வெற்றிப் பெருமிதமும் அதில் கலந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதே ஏதென்ஸ்தான் கி.மு. 416இல் மீலோஸ் தீவை முற்றுகையிட்டு, பணிந்த பிறகு அதன் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கியது. அதை ஒளிக்காமல் எழுதிவைத்த வரலாற்றாசிரியர் துசிடிடீசும் ஏதென்ஸ்காரரே. அவரால்தான் என் காதல் குருட்டுக் காதலாகாமல் தப்பியது.

கேள்வி: ஸ்கந்தன் என்ற பெயரே அலெக்சாண்டரிடமிருந்து வந்தது என்று சிலர் சொல்வது உண்மையா?
(ஒரு வாசகர், கொடைக்கானல்)

பதில்: ஒலி ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாட முடியாது. ஸ்கந்தனோடு ஒத்து ஒலிக்கும் ‘இஸ்கந்தர்’ கிரேக்கப் பெயரன்று; ‘அலெக்சாந்த்ரோஸ்’ என்ற கிரேக்கப் பெயர்தான் அரபியிலும் பாரசீகத்திலும் பின்னாளில் அப்படித் திரிந்தது. அந்த மன்னரோ கி.மு. 326இல் பியாஸ் ஆற்றங்கரையிலிருந்தே திரும்பிவிட்டார். பழனிப் படிகளை ஏறியவர்களில் அவர் இல்லை.