இரவில் நழுவி விழுந்த கருத்தடை வளையம்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது 31. கனடாவிலிருந்து வந்த அக்கா யோனிக்குள் வைக்கும் கருத்தடை வளையங்கள் மூன்றைத் தந்துவிட்டுப் போனார். முதலாவதை வைத்துப் பத்து நாளாகிறது. நேற்றிரவு குளியலறையில் நழுவி விழுந்ததைக் காலையில்தான் கண்டேன். இனி அது பயன்படுமா?

பதில்: பயன்படும். பச்சைத் தண்ணீரில் கழுவி, அதையே உடனே உள்ளே வையுங்கள். சுடுநீர் மட்டும் வேண்டாம். வளையம் 3 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே கிடந்தால் பாதுகாப்புக் குறையும். ஓர் இரவே கழிந்துவிட்டதால், இன்றிலிருந்து 7 நாட்களுக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். மூன்றாவது வாரத்தில் இப்படி நேர்ந்தால் பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வைக்கலாம். முதல் வாரத்தில் நேர்ந்து, அந்நாட்களில் உறவும் நடந்திருந்தால், அவசரக் கருத்தடை மாத்திரை பற்றி அன்றே வைத்தியரிடம் கேளுங்கள். வழமையான கணக்கு, 21 நாள் உள்ளே, 7 நாள் வெளியே.

எனக்குக் கவலை வேறொன்றில். உங்கள் பிரஷரை யாராவது அளந்தார்களா? விழுங்கும் மாத்திரை இல்லையே என்று பலர் இதைச் சாதாரணமாக எண்ணுகிறார்கள். இரண்டு அங்குலம் அகலமான அந்த மெல்லிய வளையத்திலிருந்து கசிவதும் மாத்திரையில் உள்ளதைப் போன்ற ஹோர்மோன்கள்தான். யோனிச் சுவர் வழியே இரத்தத்தில் கலந்து, முட்டை வெளிவருவதைத் தடுக்கின்றன. ஆகவே மாத்திரைக்குள்ள ஆபத்துகள் இதற்கும் உண்டு. பிரஷர் கூடியவர்கள், கண்முன் நெளிகோடுகளோ ஒளியோ மின்னித் தலைவலி தொடங்குபவர்கள், முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள், குழந்தை பெற்றுச் சில வாரங்களே ஆன தாய்மார் இதைத் தொடக் கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் இதன் பலனைக் குறைத்துவிடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, வளையத்தைக் கழற்றிவிட்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

இந்த வாரமே உங்கள் பகுதிக் குடும்பநலக் கிளினிக்குக்குப் போய் வாருங்கள். அக்கா தந்தது என்று சொல்லத் தயங்க வேண்டாம். வளையம் ஒத்துவராவிட்டால் கருப்பைக்குள் வைக்கும் லூப், ஊசி, கையில் வைக்கும் குச்சி என்று அங்கேயே வேறு வழிகள் இருக்கின்றன.

மீதி இரண்டையும் அலுமாரியில் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கொழும்பின் பகல் வெயிலில் மூடிய அலுமாரி 30 பாகையைத் தாண்டிவிடும்; அந்தச் சூடு வளையத்துக்கு ஆகாது. மாமியார் கண்ணில் படுமே என்றிருந்தால், ஒரு சிறிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த் தட்டில் வையுங்கள்; உறைய விடாதீர்கள்.