சிட்னியிலிருந்து வடக்கே: சிக்கனமான அலைச்சறுக்குப் பயணம் (கேள்வி பதில்)

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், வேனிலேயே படுத்து எழுந்து அலைச்சறுக்க விரும்பும் நம்மவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, நாங்கள் மூன்று மாணவர்கள். பத்து நாள் விடுமுறையில் சிட்னியிலிருந்து நூசா வரை போய்த் திரும்ப ஆசை. செலவை எங்கே குறைக்கலாம்?

தம்பி, முதலில் நூசாவைக் குறையுங்கள். சிட்னியிலிருந்து நூசா 1,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு பழைய ஹையேஸ் வேன் 100 கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், போய் வரவே 200 லிட்டர் தாண்டிவிடும். வழியில் உள்ள கிரசென்ட் ஹெட் என்ற கடலோர ஊரோடு நிறுத்தினால் 90 லிட்டரில் முடியும். ஏறக்குறைய ஐந்து மணி நேர ஓட்டம்தான். மிச்சமாகும் பெட்ரோல் காசு முகாம் கட்டணத்துக்கு ஆகும். பணத்தைவிடப் பெரிய லாபம் வேறு: தினமும் ஊர் மாறுகிறவர்கள் காலையில் காற்று நன்றாக இருக்கும் நேரத்தில் சாலையில் இருப்பார்கள். ஒரே இடத்தில் நான்கு நாள் தங்கினால் எந்த ஏற்றவற்றத்தில் அந்த அலை சரியாக உடைகிறது என்பது பிடிபடும். அலைச்சறுக்கில் முன்னேற அதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

இன்னொன்று, வேனில் மூன்று பேர் படுக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். மூன்று சீட் பெல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கேம்பர்வேன்களில் இரண்டுதான் இருக்கும்.

வேனை வாடகைக்கு எடுப்பதா, பழையது வாங்குவதா?

ஓரிரு வாரம் என்றால் வாடகை. தேதியில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வாடகை நிறுவனங்கள் ஓர் ஊரில் தேங்கிய வண்டிகளை வேறொரு ஊருக்குக் கொண்டுசேர்க்க, நாளொன்றுக்குச் சில டாலருக்கே தருவதுண்டு. இமூவா, டிரான்ஸ்ஃபர்கார் தளங்களில் தேடுங்கள். ஆனால் நாட்கெடு இறுக்கமாக இருக்கும். நின்று நிதானமாக அலை பார்க்க அது ஒத்துவராது.

பல மாதப் பயணம் என்றால் வாங்கலாம். பணம் கொடுக்குமுன் பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேட்டில் வண்டியின் வி.ஐ.என். (அடிச்சட்ட) எண்ணைப் போட்டுப் பாருங்கள். கட்டணம் 2 டாலர்தான். வண்டியின் மேல் யாருக்காவது கடன் பாக்கி இருந்தால் தெரிந்துவிடும். வண்டிப் பதிவு இன்னும் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்பதையும் விலையோடு சேர்த்தே பேசுங்கள்.

பைரன் பேயில் தெருவோரம் நிறுத்திவிட்டுத் தூங்கலாமா?

கூடாது. அங்கே நகராட்சி அலுவலர்கள் இரவிலும் விடியற்காலையிலும் சுற்றி வந்து அபராதம் எழுதுவார்கள். உள்ளூர்க்காரர்களின் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. கழிப்பறை இல்லாத தெருவில் இருபது வேன் நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

காசு கொடுத்தே தூங்குங்கள், ஆனால் ஊருக்குள் அல்ல. தேசியப் பூங்கா முகாம்கள் கடலை ஒட்டியே இருக்கின்றன. லைம்பர்னர்ஸ் கிரீக் பூங்காவில் பாயின்ட் பிளோமர், யூரைகிர் பூங்காவில் இல்லரூ, மயால் லேக்ஸ் பூங்காவில் யாகோன் ஆகியவை சில. எல்லாவற்றுக்கும் இணையத்தில் முன்பதிவு வேண்டும். பாயின்ட் பிளோமருக்குப் போகும் வழியில் மண் சாலை உண்டு. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தார் போடாத சாலையில் காப்பீடு தருவதில்லை. கையெழுத்திடுமுன் அந்தப் பகுதியைப் படியுங்கள். சிற்றூர்களின் கண்காட்சித் திடல்களில் முகாமிடுவதும் மலிவு. விக்கிகேம்ப்ஸ் செயலியில் இவையெல்லாம் கிடைக்கும்.

நான் இலங்கையின் பொத்துவில்காரன். அறுகம்பேயில்தான் பழகினேன். இங்கே எந்த அலை எனக்குச் சரிவரும்?

தம்பி, உங்களுக்கு இந்தக் கரை சொந்த ஊர் மாதிரி இருக்கும். இரண்டுமே கிழக்கு நோக்கிய கரைகள். இரண்டுக்கும் பெருங்கடலின் தெற்கிலிருந்து அலைகள் வருகின்றன. அவை கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனையைச் சுற்றி வளைந்து வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகும். கரையைப் பார்த்து நிற்பவருக்கு அது வலப்பக்க அலை. அறுகம்பேயில் நீங்கள் பிடித்ததும் அதுதான், சென்னைக்கு அருகே கோவளத்துப் பிள்ளைகள் பழகுவதும் அதுதான். கிரசென்ட் ஹெட், ஆங்கௌரி, லெனாக்ஸ் ஹெட், பைரனின் 'தி பாஸ்' எல்லாமே அந்த வகை. தென்காற்று அடிக்கும் நாளில் முனையே மறைப்பாக நிற்பதால், திறந்த கடற்கரைகள் குழம்பிக் கிடக்கும்போதும் இங்கே நீர் ஒழுங்காக இருக்கும்.

கிரசென்ட் ஹெட்டில் தொடங்குங்கள்; நீளப் பலகைக்கென்றே அமைந்தது போன்ற மெதுவான, நீண்ட அலை. ஆங்கௌரி 2007இல் தேசிய அலைச்சறுக்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட இடம். அலை வேகமானது, கீழே பாறை. லெனாக்ஸில் கடலில் இறங்குவதே வழுக்குப் பாறைகளின் மேல்தான். இரண்டையும் முதல் நாள் கரையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எங்கே இறங்குகிறார்கள், எங்கே ஏறுகிறார்கள் என்று பாருங்கள். கோல்ட் கோஸ்ட்டின் ஸ்னாப்பர் ராக்ஸ் உலகப் புகழ் பெற்றது. டுவீட் ஆற்றுமுகத்தில் சேரும் மணலை 2001 முதல் குழாய் வழியே வடக்கே இறைப்பதால் உருவான மணல்திட்டு அது. அங்கே கூட்டம் அதிகம். கற்றுக்கொள்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த மாதம் நல்லது?

மே. ஈஸ்டர் கூட்டம் வடிந்திருக்கும், கடல் இன்னும் குளிர்ந்திருக்காது, தெற்கு அலைகள் வரத் தொடங்கியிருக்கும், காலையில் நிலத்திலிருந்து கடல் நோக்கிக் காற்று அடிக்கும். மூன்று மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போதும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி முடிய வேண்டாம். முகாம்கள் நிரம்பி வழியும், பிற்பகலில் வடகிழக்குக் காற்று அலைகளைக் கெடுக்கும்.

என் மகள் தோழியோடு போகிறாள். சுறாவை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. விடியலிலும் அந்தியிலும், மழைக்குப் பின் ஆற்றுமுகங்களின் கலங்கல் நீரிலும் இறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஷார்க்ஸ்மார்ட் செயலி எச்சரிக்கை தரும். ஆனால் இந்தக் கரையில் சுறாவைவிட அதிக உயிர்களைப் பறிப்பது கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அலை உடையாமல் அமைதியாக, கரும்பச்சையாகத் தெரியும் பாதையே பெரும்பாலும் அந்த இழுப்பு. அதில் சிக்கினால் எதிர்த்து நீந்தக் கூடாது. பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் விலகி, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

இதையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: குளிருகிறதென்று மூடிய வேனுக்குள் கேஸ் அடுப்பை எரிக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

சாப்பாட்டுச் செலவு?

மூன்று லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள். அரிசியும் பருப்பும் ஒரே விசிலில் வெந்தால் கேஸ் பாதி மிச்சம். ஊறுகாய், பொடி, ரசப்பொடி போதும். கடலோரப் பூங்காக்கள் பலவற்றில் நகராட்சியின் இலவச மின் அடுப்புத் தட்டுகள் இருக்கின்றன. தோசை சுடுவதற்கு அருமையானவை. சுட்டபின் துடைத்து வையுங்கள்.

பலகையை வேனுக்குள்ளேயே வைக்கலாமா?

ஓடும்போது வைக்கலாம், பலகையின் அடியில் உள்ள துடுப்புகளைக் கழற்றிவிட்டு. வெயிலில் மூடி நிறுத்திய வேனில் வேண்டாம். எபாக்சிப் பலகைகளின் உட்பஞ்சு சூட்டில் உப்பி, மேல்தோல் குமிழ்விட்டுப் பிரியும். மெழுகும் உருகிப் படுக்கையெல்லாம் ஒட்டும். நிழலில் நிறுத்துங்கள், அல்லது பலகையை வேனுக்கு அடியில் தள்ளிவிடுங்கள், கிளம்புமுன் எடுக்க மறக்காமல்.